சோதனைச் சாவடியில் கழற்றிய பற்றரி

ஊதிப்போன பற்றரி ஒன்றைக் கண்டதும் உங்கள் கை தானாக ஸ்குரூ டிரைவரைத் தேடுகிறது. நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். போன வாரம் இந்தக் கடைக்கு வந்தபோது, போன் திருத்தப் பழகுகிற உங்களில் ஒருவர் ஒரு போனின் முதுகில் இரும்பைச் செருகி, ரின்மீன் பேணி திறப்பதுபோலத் திறந்துகொண்டிருந்தார். பெயர் சொல்லமாட்டேன். அவருக்கே தெரியும். இப்போது குனிந்து தன் செருப்பை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்.

நிமிருங்கள் தம்பி. உங்களைத் திட்ட நான் வரவில்லை. திட்டுவதென்றால் முதலில் என் வீட்டுக்காரரைத்தான் திட்டவேண்டும். அவர் ஒருமுறை செய்த வேலைக்கு முன்னால் நீங்கள் செய்தது ஒன்றுமேயில்லை.

நான் திருகோணமலை நகரத்தில் ஒரு ஸ்ரூடியோவில் கமரா திருத்துகிற வேலை பார்த்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். வீடு சாம்பல்தீவில். ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் வந்து போவேன். பிலிம் கமராக் காலத்தில் சேர்ந்து, நீங்கள் இப்போது தட்டிக்கொண்டிருக்கிற இந்தப் போன்கள் வந்த பிறகுதான் ஓய்வு பெற்றேன். இத்தனை வருடத்திலும் ஒரு கேள்வி மட்டும் மாறவில்லை. வாடிக்கையாளர் என் மேசைக்கு முன்னால் நின்று, என் கையிலுள்ள கமராவையும் பார்த்துவிட்டு, "திருத்திறவர் எப்ப வருவார்?" என்று கேட்பார். "வந்திட்டார், இருங்கோ" என்று கதிரையைக் காட்டுவேன். இருந்து, திரும்பத் திரும்ப வாசலைப் பார்ப்பார்கள்.

சமாதானம் என்று சொன்ன அந்தக் கொஞ்ச வருடங்களில்தான் டிஜிற்றல் கமராக்கள் இங்கே நிறைய வந்தன. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் சூட்கேசுக்குள் சேலைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்து தந்தார்கள். பிறகு சண்டை திரும்பியது. கடற்குடாவுக்கு அப்பால் ஷெல் விழுகிற சத்தம் எங்கள் வீட்டு யன்னலில் கேட்கும். கமராக்கள் எல்லாரிடமும் இருந்தன. வெளியே எடுக்கத்தான் ஒருவருக்கும் துணிவில்லை. அந்தக் காலத்தில்தான் என் மச்சாள் ரஞ்சிக்குக் கலியாணம் நடந்தது.

ரஞ்சி என் வீட்டுக்காரர் தேவனுடைய ஒரே தங்கச்சி. மாப்பிள்ளை குடாவுக்கு அந்தக் கரையில், கட்டைபறிச்சான் பக்கம். கட்டாரில் வேலை, லீவில் வந்து நகரத்தில் சொந்தக்காரர் வீட்டில் நின்றார். நாள் குறித்தாயிற்று, பந்தலும் போட்டாயிற்று. அதற்குள் அந்தப் பக்கம் சண்டை தொடங்கி, குடாவைக் கடக்கிற லோஞ்சும் நின்றுபோய், பாதையும் மூடப்பட்டது. மாப்பிள்ளையின் தாய் அந்தக் கரையில் மாட்டுப்பட்டுவிட்டார். அவருக்கு இருப்பது இந்த ஒரு மகன்தான். லீவு முடிவதால் நாளைத் தள்ளிப்போடவும் வழியில்லை. கடைசியில் தாய் இல்லாமலே எங்கள் பிள்ளையார் கோயிலில் தாலி கட்டினார். 

படமெடுத்தது மாப்பிள்ளையின் சிநேகிதர். மாப்பிள்ளை கட்டாரிலிருந்து கொண்டுவந்த சின்னக் கமராவில்தான் எடுத்தார். இராணுவச் சோதனைச் சாவடி தாண்டி வந்து கலியாணம் எடுக்க நகரத்துப் படப்பிடிப்பாளர் யாரும் அப்போது தயாராக இல்லை. சிநேகிதர் நல்ல மனிதர். நடுவில் பற்றரி தீர்ந்துவிடக் கூடாதென்று பயந்து, ஏதோவொரு பொருந்தாத சார்ஜரில் அதைப் போட்டு, தகரக் கொட்டிலுக்குள் வெயில் சூட்டில் வேகவிட்டிருக்கிறார். தாலி, ஆசீர்வாதம், பந்தி எல்லாம் எடுத்து முடித்த கையோடு கமரா செத்துப்போனது. மூடியைத் திறக்கப் பார்த்தால் திறக்கவில்லை. உள்ளே பற்றரி ஊதி, மூடியை உள்ளிருந்து தள்ளிக்கொண்டு நின்றது. படங்கள் பதிந்த மெமரி காட்டும் அதே மூடிக்குள்தான்.

அடுத்த நாள் மத்தியானம் நிவாரணச் சாமான் ஏற்றிய லொறி ஒன்று அந்தப் பக்கம் போக அனுமதி கிடைத்திருந்தது. சாரதி தேவனுக்குத் தெரிந்தவர். "படத்தைத் தாங்கோ, தாயின்ரை கையிலை குடுக்கிறது என்ரை பொறுப்பு" என்று சொல்லியிருந்தார். அதற்கடுத்த லொறி எப்போது என்று கேட்டால், கேட்டவரை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

"மச்சாள், உங்களாலை ஏலும்தானே?" என்று கேட்டு ரஞ்சி கமராவை என்னிடம் தந்தாள். கையில் மருதாணி இன்னும் சிவப்பாக இருந்தது.

"காலமை கடைக்குக் கொண்டுபோய்ப் பாப்பம். அதுக்குள்ளை இதை ஒருத்தரும் தொடக்கூடாது" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லி, அலுமாரிக்கு மேலே வைத்தேன்.

ஒரு மெக்கானிக் இருக்கிற வீட்டில் "தொடக்கூடாது" என்று சொல்வது அழைப்பிதழ் கொடுப்பதற்குச் சமன். தேவன் வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவர். கை ஒவ்வொன்றும் துடுப்பு அகலம். துருப்பிடித்து இறுகிய நட்டை அவர் ஒரு தடவை முறைத்துப் பார்த்தால் அது தானாகக் கழன்றுவிடும் என்று மீன்வாடியில் பகிடியாகச் சொல்வார்கள். உலகத்தில் உள்ள எதுவும் இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தால் திறக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. நான் விடிய எழும்பிக் கிணற்றடிக்குப் போய் வந்த நேரத்துக்குள் அந்த நம்பிக்கையைக் கமராவில் பரீட்சித்துப் பார்த்திருக்கிறார். இது எனக்கு அப்போது தெரியாது.

அன்றைக்குக் காலை என்னோடு அவரும் வந்தார். படத்தைத் தன் கையாலேயே லொறிச் சாரதியிடம் கொடுக்கவேண்டும் என்றார். அந்த நாட்களில் பஸ் சாவடிக்கு முன்னால் நிற்கும். எல்லாரும் இறங்கி, பையைத் திறந்து பிடித்துக்கொண்டு வரிசையில் நடந்துபோய் அந்தப் பக்கத்தில் திரும்ப ஏறவேண்டும். எங்களுக்கு அது பல்லு விளக்குகிற மாதிரிப் பழகிப்போன வேலை.

என் பையைச் சோதித்தது ஒரு இளம் சிப்பாய். முகத்தில் பரு ஆறாத வயது. கமராவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"போடு. லைற் போடு" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

"பழுது. வேலை செய்யாது. கடைக்குக் கொண்டுபோறன்."

"பெற்றரி கலட்டு."

"கழட்ட ஏலாது. இறுகிப்போச்சு."

அவர் பெருவிரலால் மூடியைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. முகம் மாறியது. போடவும் முடியாது, திறக்கவும் முடியாது, உள்ளே பற்றரி இருக்கிறது, வெளியே புடைத்துக்கொண்டு நிற்கிறது. அந்தக் காலத்தில் அப்படியொரு பெட்டியை ஒரு சாவடிக்குள் கொண்டுபோனால் அவர் என்ன நினைப்பார்? நானும் அவர் இடத்தில் நின்றிருந்தால் அதைத்தான் நினைத்திருப்பேன். அவர் கமராவை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் போய்க் கோப்ரலைக் கூப்பிட்டார்.

அப்போதுதான் நான் கமராவைச் சரியாகப் பார்த்தேன். மூடியின் ஓரமெல்லாம் புதுக் கீறல்.

"இஞ்சருங்கோ, இதைத் தொட்டனீங்களோ?" என்று தேவனிடம் குரலை அடக்கிக் கேட்டேன்.

"நானோ? நான் ஏன் தொடுறன்?"

குனிந்து மூக்கைக் கிட்டக் கொண்டுபோனேன். இதைக் கவனியுங்கள், பிறகு சோதனை வைப்பேன். பற்றரியின் தோல் பொத்துப்போயிருந்தால் ஒரு இனிப்பு மணம் வரும். நகத்துக்குப் பூசுகிற பொலிஷ் போத்தலைத் திறந்தால் வருகிற மாதிரி. அந்த மணம் வந்தால் அதற்குமேல் ஒரு விரலும் வைக்கக் கூடாது. எனக்கு வந்தது பாரைமீன் மணம்.

"மீன் வெட்டுற கத்தியாலையோ?"

"சின்னக் கத்திதான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கத்தி உள்ளே இறங்கவில்லை என்பது மட்டும்தான் நிம்மதி. வாடிக்கையாளர் பொய் சொன்னால் கோபிக்காதீர்கள். "என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டால் எல்லாரும் "ஒண்டும் செய்யேல்லை" என்றுதான் சொல்வார்கள். எதால் செய்தார்கள் என்று கேளுங்கள். உண்மை தானாக வரும்.

கோப்ரல் வந்தார். நடுத்தர வயது, தூக்கம் போதாத கண். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. எனக்குத் தெரிந்த சிங்களமோ பஸ்ஸுக்கும் சந்தைக்கும் மட்டும் போதும். சிப்பாய் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் இடுப்பிலிருந்த கத்தியை உருவி, கமராவைக் கையில் எடுத்து, மூடியின் இடுக்கில் நுனியை வைத்தார். சரியாகத் தேவன் கீறிய அதே இடத்தில். ஆண்களுக்கு இடம் எப்படித்தான் தெரியுமோ!

"எப்பா!" என்று கத்திவிட்டேன். வேண்டாம் என்பதற்குச் சிங்களத்தில் அதுதான் சொல்.

சொல் சரி. கத்திய இடம்தான் பிழை. சாவடியில் ஒரு தமிழ்ப் பெண், திறக்காதே என்று கத்தினால் அதற்கு ஒரு அர்த்தம்தான் உண்டு. இளம் சிப்பாயின் துவக்கு மேலே வந்தது. கோப்ரல் கையில் கமராவோடு சிலைபோல நின்றார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற சனம் முழுக்க ஒரே நேரத்தில் நிலத்தில் குந்தியது. நின்றது நானும் தேவனும்தான். தேவன் எனக்கு முன்னால் வந்து நின்றார். அந்த அகலமான முதுகுக்குப் பின்னால் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அந்த நேரத்தில் மனம் ஒன்றைத்தான் சொல்லும்: கெதியாக, மூச்சுவிடாமல் பேசு, எல்லாவற்றையும் விளங்கப்படுத்து. அதைக் கேட்காதீர்கள். பயந்தவருக்கு முன்னால் நீங்கள் கெதியாகப் பேசினால் அவர் பயம் இன்னும் ஏறும். நான் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்தேன். தேவனின் இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுத்து அவரையும் உட்காரவைத்தேன். பிறகு வரிசையைத் திரும்பிப் பார்த்து, "ஆருக்கும் வடிவாச் சிங்களம் தெரியுமோ?" என்று சாதாரணக் குரலில் கேட்டேன்.

ஓலைப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எழுந்தது. எங்கள் ஊர்ப் பாக்கியமக்கா. கீரையும் கத்தரிக்காயும் நகரத்துச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிறவர். விலை பேசிப் பேசியே சிங்களம் படித்தவர்.

"எனக்குத் தெரியும். என்ன சொல்லவேணும்?"

"அக்கா, இப்பிடிச் சொல்லுங்கோ. உள்ளை பற்றரி ஊதிப்போய் இருக்கு. கத்தி பட்டால் புகை வரும், நெருப்பும் வரலாம். அது குண்டில்லை. புகை வந்தாலும் சுடவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

"உனக்கென்ன பிள்ளை, விசரோ? குண்டு எண்ட சொல்லை இவைக்கு முன்னாலை என்ரை வாயாலை எடுக்கவோ?"

"அப்ப அதை விட்டிட்டு மிச்சத்தைச் சொல்லுங்கோ. புகை வரலாம் எண்டதை மட்டும் கட்டாயம் சொல்லுங்கோ."

அவர் என்ன சொன்னார் என்று எனக்கு முழுதாக விளங்கவில்லை. ஆனால் பேச்சுக்கு நடுவில் தன் வயிற்றுக்கு மேலே கையால் ஒரு பெரிய பானை வரைந்து காட்டினார். பற்றரி பிள்ளைத்தாச்சியாக இருக்கிறது, கத்தி வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். குந்தியிருந்த சனத்தில் சிங்களம் தெரிந்த யாரோ களுக்கென்று சிரித்தார். இளம் சிப்பாயின் உதடும் துடித்தது. கோப்ரல் சிரிக்கவில்லை. ஆனால் கத்தியை இடுக்கிலிருந்து எடுத்தார்.

அன்றைக்கு நான் படித்தது இதுதான். நடக்கக்கூடிய கெட்டதை வேலை தொடங்குமுன் வாயால் சொல்லிவிடுங்கள். புகை வரலாம் என்று முதலே சொன்னதால்தான் நான் அவரிடம் பேசக்கூடிய ஆளானேன். சொல்லாமல் விட்டு, புகை வந்த பிறகு விளக்கம் சொல்லப் போயிருந்தால் கேட்க யாரும் இருந்திருக்கமாட்டார்கள், சொல்ல நானும் இருந்திருக்கமாட்டேன். உங்கள் கடையிலும் அப்படித்தான். கண்ணாடி வெடிக்கலாம், படங்கள் அழியலாம் என்று வேலைக்கு முன்னால் சொன்னால் அது எச்சரிக்கை. பிறகு சொன்னால் அது தப்பிக்கச் சொல்லுகிற சாட்டு.

கோப்ரல் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பாக்கியமக்காவிடம் ஏதோ கேட்டார்.

"இதை இப்பிடியே உள்ளை விடவும் ஏலாதாம், திருப்பி அனுப்பவும் ஏலாதாம். என்ன செய்யிறதெண்டு உன்னட்டைக் கேக்கிறார்."

"இஞ்சையே கழட்டுறன். தள்ளி ஒரு மேசையும், ஒரு வாளி மண்ணும் தரச் சொல்லுங்கோ."

மண்ணுக்கா அங்கே பஞ்சம்? சாவடியே மண்மூட்டையால் கட்டியதுதான். சிவப்பு வாளி நிறைய மண் வந்தது. வீதிக்கு அப்பால் ஒரு வெறும் மேசையைப் போட்டார்கள். சனத்தைப் பஸ்ஸுக்குப் பின்னால் போகச் சொன்னார்கள். கோப்ரல் மண்மூட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டார். கெட்டிக்காரர். தேவனையும் போகச் சொன்னேன்.

"நான் போகேல்லை" என்றார்.

"புகை வந்தால்?"

"வந்தால் ரெண்டுபேரும் குடிப்பம்."

"அப்ப ஒண்டிலையும் கை வைக்காமல் இந்தக் குடையைப் பிடியுங்கோ. வெயில் படக்கூடாது."

 நட்டை முறைக்கிற மனிதர் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். 

என் பையில் எப்போதும் இருக்கிற சின்ன ஸ்குரூ டிரைவரால் ஸ்குரூக்களைக் கழற்றி, கமராவின் உடலை இரண்டாகப் பிரித்த கதையை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்கள் மத்தியானம் கேளுங்கள், செய்து காட்டுகிறேன். உடல் தளர்ந்ததும் பற்றரியின் இறுக்கம் குறைந்து மூடி திறந்தது. திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது பற்றரியில்லை, காட்தான். பற்றரிக்குப் பக்கத்தில், நகத்தால் தள்ளினால் வந்துவிடும் தூரத்தில் இருந்தது. ரஞ்சியின் கலியாணம் முழுக்க அதற்குள்.

என் விரல் அதன் மேலே போய்விட்டது. எடுத்துச் சட்டைக் கைக்குள் வைத்தால், பற்றரி எரிந்தாலும் படம் தப்பும். குடை என்னை மறைத்துக்கொண்டிருக்கிறது. ஒருவருக்கும் தெரியாது. ஆனால் மண்மூட்டைக்குப் பின்னால் நிற்கிற கோப்ரலின் கண் குடைக்குக் கீழே என் கைகளைத்தான் தேடுகிறது என்பது எனக்குத் தெரியும். சின்னதாக ஏதோ ஒன்று என் விரலிடுக்கில் மறைவதை அவர் கண்டால், இவ்வளவு நேரம் சேர்த்த நம்பிக்கை எல்லாம் அந்தக் கணத்தில் போய்விடும். விரலை எடுத்தேன். தேவனிடம் குடையைக் கொஞ்சம் பின்னால் சாய்க்கச் சொல்லி, என் கை கோப்ரலுக்கு நன்றாகத் தெரியும்படி வைத்துக்கொண்டேன். மற்றவர் பொருளில் வேலை செய்யும்போது கையை மறைக்காதீர்கள். சரியான வேலையையும் மறைத்துச் செய்தால் களவு போலத்தான் தெரியும்.

பற்றரியின் ஒரு பக்கம் உள்ளே ஒட்டிப் பிடித்திருந்தது. இரும்பு வைக்க முடியாது. என்னிடமிருந்த பிளாஸ்ரிக் துண்டு தடிப்பு. சுற்றிப் பார்த்தபோது பஸ்ஸுக்குப் பக்கத்தில் பாக்கியமக்காவின் ஓலைப் பெட்டி தெரிந்தது. பனையோலைக் கீற்று மெல்லியது, விறைப்பு, மின்சாரம் கடத்தாது.

"அக்கா, பெட்டியிலை ஒரு ஓலைக் கீற்று உருவித் தருவீங்களோ?"

"புதுப்பெட்டியடி! போன கிழமைதான் இழைச்சது!"

"கலியாணப் படமக்கா. ரஞ்சியின்ரை."

"அதுக்கு என்ரை பெட்டியோ கிடைச்சது?" என்று ஏசிக்கொண்டே ஒரு கீற்றை உருவிச் சிப்பாயிடம் கொடுத்தார். துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஓலைக் கீற்றை இரண்டு கையாலும் ஏந்தி வந்து தந்தார் அந்தத் தம்பி. கோயிலில் பூக்கொண்டு வருகிற மாதிரி.

கீற்றைப் பற்றரியின் பக்கத்தால் இறக்கி மெதுவாக நெம்பினேன். பாதி வந்தது. வந்து, நின்றது. இந்த இடம்தான் எங்கள் தொழிலில் பொல்லாத இடம். முழுக்க இறுகி இருக்கும்போது எல்லாரும் கவனமாக இருப்பார்கள். பாதி வந்த பிறகுதான் இழுத்துக் கிழிப்பார்கள்.

"இன்னும் கொஞ்சம்தான். ஒருக்கா இழுத்துவிடுமன்" என்று காதுக்குள் சொன்னார் தேவன். பஸ் சாரதி ஹோர்ன் அடித்தார். கோப்ரல் மணிக்கூட்டைப் பார்த்தார். லொறி புறப்படுகிற நேரம் என் தலைக்குள் ஓடியது. இழுத்துவிட எனக்கும் ஆசைதான், ஏன் பொய் சொல்லவேண்டும்?

கையை எடுத்து மடியில் வைத்தேன். பற்றரியைத் தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடாக இருந்தது. அது ஆறட்டும் என்று காத்திருந்தேன். எல்லாரும் பார்க்க ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? "என்ன, ஏலாதோ?" என்று பஸ்ஸடியிலிருந்து ஒருவர் கேட்டார். "களைச்சுப் போனா" என்றார் இன்னொருவர். சொல்லட்டும். சூடு தணிந்த பிறகு கீற்றை மற்றப் பக்கத்தால் விட்டேன். ஒட்டியிருந்த தாள் விட்டது. பற்றரி என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. குளத்துக் கெளுத்தி மாதிரி வயிறு புடைத்து, முழுதாக. வாளி மண்ணில் வைத்து மேலே மண்ணைப் போட்டு மூடினேன்.

பஸ்ஸடியில் கை தட்டினார்கள். தேவன் குடையை மடக்க மறந்து அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

கதை அதோடு முடியவில்லை. நான் எழும்பி, விரலால் காட்டைச் சுட்டிக் காட்டி, கோப்ரலையே வந்து எடுக்கச் சொன்னேன். எடுத்தார். என்ன இருக்கிறது என்று கேட்டார். கலியாணம் என்றேன். கமராவுக்கு உயிரில்லாதபடியால் அதைக் காட்ட வழியில்லை. அவர் காட்டைத் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். என் உயிரும் அதற்குள் போய்விட்டது.

பாக்கியமக்கா முன்னால் வந்து, சந்தையில் கடைசி விலை பேசுகிற குரலில் அவரோடு நெடுநேரம் பேசினார். மாப்பிள்ளையின் தாய், குடா, லொறி எல்லாம் அதில் வந்திருக்கவேண்டும், கையால் கடலைக் காட்டினார். கடைசியில் கோப்ரல் இளம் சிப்பாயைக் கூப்பிட்டுக் காட்டை அவரிடம் கொடுத்தார். நாங்கள் போகிற கடைக்கு அவரும் வரவேண்டும். படங்களைப் பார்த்துவிட்டு, கலியாணம்தான் என்றால் எங்களிடம் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் எங்களையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

அப்படியாகத் துவக்குப் பிடித்த காவலோடு நான் அன்றைக்கு வேலைக்குப் போனேன். எங்களைக் கண்டதும் முதலாளியின் முகம் சுவரின் நிறத்துக்கு வந்தது. "என்ன பிள்ளை செய்தனீர்?" என்று வாயசைவால் கேட்டார். "வாடிக்கையாளர், ஐயா" என்றேன்.

காட்டைக் கொம்பியூட்டரில் போட்டோம். அது படங்களைத் திறக்கும்வரை நால்வரும் மூச்சுவிடவில்லை. பிறகு கோயில் வந்தது, மேளம் வந்தது, ரஞ்சி வந்தாள். ஒவ்வொன்றாகப் போனது. பந்திக்குப் பிறகு கதிரையில் சாய்ந்து வாயைத் திறந்து நித்திரை கொள்ளுகிற தேவனின் படமும் வந்தது. சிப்பாய் படத்தைப் பார்த்தார், பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அதை அழிச்சுவிடும்" என்றார் தேவன். நான் அழிக்கவில்லை. இப்போதும் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

கடைசியில் குடும்பப் படம். மாப்பிள்ளை, பொம்பிளை, ஒரு பக்கத்தில் ரஞ்சியைப் பெற்ற எங்கள் மாமா மாமி. மற்றப் பக்கத்தில் ஒரு வெறும் கதிரை. சிப்பாய் சிரிப்பை நிறுத்தி, திரைக்குக் கிட்டக் குனிந்து, அந்தப் பக்கத்தை விரலால் தொட்டார்.

"அம்மா கோ?" என்றார்.

அம்மா எங்கே என்று கேட்கிறார். மொழிபெயர்க்கப் பாக்கியமக்கா தேவைப்படவில்லை. நான் யன்னல் வழியாகக் கடல் பக்கம் கையைக் காட்டினேன். அவர் யன்னலடிக்குப் போய்க் கடலைப் பார்த்தார். முதலாளி பால் விடாத பிளேன்ரீ கொடுத்தார், நின்றபடி குடித்தார். பிறகு காட்டை மேசையில் என் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, சாவடிக்குத் திரும்பிப் போனார்.

அச்சடித்த படங்களின் ஈரம் காயமுன்னமே தேவன் அவற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். லொறி சந்தியால் திரும்புகிற இடத்தில் மறித்துக் கொடுத்தாராம். சாவடி வாளியில் இருந்த பற்றரியைச் சிப்பாய்கள் நெடுநாளாகச் சுற்றிச் சுற்றித்தான் நடந்தார்கள். வெறுமையான பிறகும் அந்த வாளியில் ஒருவரும் கை வைக்கவில்லை.

சில கிழமைக்குப் பிறகு லொறிச் சாரதி வந்தார். தாயார் படங்களைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாராம். எல்லாம் வடிவு, ஆனால் ஒரு குறை சொன்னாராம். பந்திப் படத்தில் வாழையிலை தூரத்தில் இருப்பதால் என்ன கறி என்று தெரியவில்லை. என்ன காய்ச்சினீர்கள் என்று கேட்டு வரச் சொன்னாராம். ரஞ்சிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அடுத்தமுறை லொறி போகும்போது கலியாண வீட்டு மரக்கறிகள் ஒவ்வொன்றையும் சாரதிக்கு வாயால் பாடமாக்கி அனுப்பினாள்.

சாரதி நல்லவர்தான். ஆனால் வழியெல்லாம் சாவடி. ஒவ்வொரு சாவடியிலும் ஒவ்வொரு கறியாக மறந்திருக்கிறார். வெறுங்கையோடு போகக் கூடாதென்று, தனக்குப் பிடித்தவற்றைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

பாதை திறந்த பிறகுதான் இது எங்களுக்குத் தெரியவந்தது. அந்த அம்மா கட்டைபறிச்சானிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். மருமகளை முதன்முதலாக நேரில் கண்டு, கட்டிப்பிடித்து, எங்கள் எல்லாரையும் அழவைத்தார். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரஞ்சியை மெல்ல ஒரு பக்கமாகக் கூட்டிப் போனார்.

"எல்லாம் சரி பிள்ளை, நான் ஒண்டும் குறையாச் சொல்லேல்லை. ஆனால் தாலி கட்டின வீட்டிலை ஏனம்மா இறால் காய்ச்சினனீங்கள்?"